நண்டு சொன்ன பதில்

அவர் கயிற்றைத் தொடமாட்டார். நான் முதலில் அதைக் கண்டது தெருக் கிணற்றடியில். குடத்தோடு வருவார். வாளி, கயிறு எல்லாம் கையெட்டும் தூரத்தில் கிடக்கும். ஆனாலும் யாராவது வந்து இறைத்து ஊற்றுகிறவரை ஓரமாக நின்றுகொண்டிருப்பார். நான் சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குழந்தைகள் வகுப்பு டீச்சராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தெருவுக்கே நாட்டாமை ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. "தண்ணி இறைக்கக்கூடவா ஒரு ஆம்பளைக்குக் கை வலிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "சரிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தோடு திரும்பிப் போனார். பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவியகிட்ட அப்படிக் கேக்கலாமா டீச்சர்? விசயம் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. அவள்தான் சொன்னாள்.

தூத்துக்குடிக் கரையில் மூச்சடக்கிச் சங்கு குளிக்கிறவனுக்குத் தோணியில் நின்று கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கல்லோடு அடிக்குப் போனவன் மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். அந்த அசைவு கைக்கு வந்த மறுநொடி மேலே நிற்பவன் இழுத்தாக வேண்டும். இந்த வேலையை நம்பி யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். குளிக்கிறவனுடைய பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான் என்ற தைரியம் அது. இவர் எட்டு வருஷம் தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கயிறு பிடித்தார். ஒருநாள் இழுத்தபோது கயிறு லேசாக வந்தது.

உடல் மறுநாள் கிடைத்தது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் தங்கச்சி கேட்டிருக்கிறாள். "அவிய கயித்த அசைச்சாவளா, அசைக்கலையா? அதை மட்டும் சொல்லிரு." இவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்டாள். எட்டாம் நாளும் கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டாள். நான் அந்தத் தெருவுக்குப் போனபோது மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வீடும் எதிரெதிர். அவள் வாசல் தெளிக்கும்போது இவர் உள்ளே போய்விடுவார்.

ஏன் சொல்லவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அசைத்தார் என்றால், தெரிந்தும் இழுக்காமல் கொன்றாய் என்றாகும். அசைக்கவில்லை என்றால், தப்பிக்கச் செத்தவன் தலையில் பழியைப் போடுகிறாய் என்றாகும். ஒருவேளை அவருக்கே தெரியவில்லையோ என்னவோ. எதுவாக இருந்தாலும் அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

விஷயம் தெரிந்த பிறகு எல்லாவற்றிலும் கயிறு கண்ணில் பட ஆரம்பித்தது. அவர் வீட்டுத் துணிகள் வேலியில் காயும். மாதா கோவில் தேருக்கு ஊரே வடம் தொட்டுக் கும்பிடும்போது இவர் எதிர்ப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நிற்பார். கடையில் பொட்டலம் மடித்தால், "நூல் சுத்தாதிய அண்ணாச்சி" என்பார். அப்படி வாங்கி வந்த பொரிகடலை பஜாரிலிருந்து எங்கள் தெருமுனை வரை சிந்தியிருக்கும், அவர் வந்த வழியை அதை வைத்தே சொல்லிவிடலாம். பிள்ளைகள் பொறுக்கித் தின்றுகொண்டே பின்னால் வருவார்கள். சிரிப்பாக இருக்கும், சிரிக்கவும் முடியாது. கடலுக்குப் போவதை விட்டு, சங்கு குவித்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அவருடைய தங்கச்சி மகள் என் வகுப்பில் இருந்தாள். ஐந்து வயது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார், அவளிடம் பேச மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு கையை மட்டும் மேலே தூக்கினார். கையில் சிவப்பு நண்டு. கப்பல்காரன் எவனோ விற்றுவிட்டுப் போன சிவப்புக் காலுறையை வெட்டித் தைத்து, கண்ணுக்குக் கிளிஞ்சல் வைத்திருந்தார். அந்த நண்டு பேசியது பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சரிதான் டீச்சர்" தவிர வேறு வார்த்தை தெரியாத மனிதருக்குள்ளிருந்து மூக்கால் ஒரு குரல், பயமே இல்லாத குரல்.

"ஏ டீச்சரு! நேத்து ஆபீசரு வந்தப்போ நாப்பது பிள்ளைன்னு எழுதிக் காட்டுனியளே, இங்கன முப்பத்தொண்ணுதானே இருக்கு! மிச்ச ஒம்பதையும் மீனு தின்னுட்டா?"

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி, அதை ஒத்துக்கொள்கிறேன். யார் மனமும் நோகக்கூடாது, எந்தக் காரியமும் நின்றுபோகக்கூடாது என்று சொல்லுகிற பொய்கள். அந்த நண்டு மட்டும் என்னை விட்டுவைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வந்தது. தலைமையாசிரியர் தூங்குவதைச் சொன்னது, நான் ஊர்க் கடிதம் படித்துவிட்டு அழுததைச் சொன்னது. சில நாள் அது ஜன்னலில் எழும்போதே நான் வருகைப் பதிவேட்டை மூடிவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் அவர் எழுந்து, காலுறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய ஊமை மனிதராகப் போய்விடுவார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன பிள்ளையிடம் தங்கச்சி கேட்பாளாம், "நண்டு இன்னைக்கு என்ன சொல்லிச்சு?" பிள்ளை ஒன்று விடாமல் ஒப்பிக்குமாம். இதை அறிந்த நாளில் நான் அவரிடம் சொன்னேன். "அப்படின்னா அந்தப் பதிலையும் நண்டுகிட்டயே சொல்லி அனுப்புங்களேன்." அவர் நண்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "பிள்ளை வாயால அது போகக்கூடாது டீச்சர். அது அவ அப்பன் விசயம்."

மெட்ராசில் டெலிவிஷன் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பொம்மை ஆட்டத் தெரிந்தவர்கள் தேவை என்று பேப்பரில் வந்திருந்தது. அவரைக் கேட்காமலே நான் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். பொம்மலாட்டம் என்றால்தான் மதிப்பார்கள் என்று, "கயிறு கட்டிப் பொம்மை ஆட்டுவதில் வல்லவர்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரைப் பற்றி எதை எழுதினேன் என்று பாருங்கள். வரச்சொல்லிப் பதில் வந்தது. அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், "டெலிவிசன்ல சொன்னா எல்லாருக்கும் நேரா கேக்கும்லா டீச்சர்? நடுவுல ஆள் கிடையாதுல்லா?" என்று மட்டும் கேட்டார். கிடையாது என்றேன். புறப்பட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. எண்ணி நாலு வரி. "சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நம்ம நண்டு வருது. தங்கச்சியைப் பார்க்கச் சொல்லவும். அவள் கேட்டதுக்கு அதில் பதில் இருக்கு. அவளுக்குப் புரியும்."

கார்டை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். அவள் வாங்கிப் படித்தாள், இரண்டாவது தடவையும் படித்தாள், முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்கன போய்ப் பாக்கணும்?" என்றாள்.

அப்போது எங்களுக்குத் தெரிந்து ஊரில் இருந்தது ஒரே ஒரு டெலிவிஷன். காயல்பட்டணத்துக்காரரான ஒரு ஜவுளிக்கடை ஹாஜியார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மரக்கதவு வைத்த பெட்டி, மேலே பூப்போட்ட துணி விரித்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். "இது அழகுக்கு இருக்கு டீச்சரம்மா. இங்கன படம் வராதுன்னு சொல்லுதாவ" என்றார் அவர். கூட வந்த, தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் விடவில்லை. "என்ன பேச்சு பேசுதிய? கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புல பாடுத பாட்டு எங்க வீட்டு ரேடியோல கணீர்னு கேக்கு. இங்கன கெடக்க மெட்ராஸ் வராதா? கம்பி உசரம் காணாது, அதான்." எனக்கும் அது சரியாகவே பட்டது. ரேடியோவைத் தவிர வேறு எதையும் அறியாத கரை அது. கடல் தாண்டி வருவது தரையில் வராமலா போகும் என்று ஹாஜியார் உட்பட எல்லோரும் நம்பிவிட்டோம்.

சனிக்கிழமை ஆட்கள் ஒரு பழைய தோணியின் பாய்மரத்தைத் தூக்கிவந்து ஹாஜியார் வீட்டு மாடியில் நிறுத்தினார்கள். உச்சியில் ஆன்டெனா. ஆறு மணிக்கெல்லாம் தெருவே அந்தக் கூடத்தில் இருந்தது. தங்கச்சி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் செத்த பிறகு கோவிலுக்குத் தவிர அவள் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. வழி விட்டார்கள். நாற்காலி போட்டார்கள். அவள் வேண்டாம் என்று பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

பெட்டியில் புள்ளி புள்ளியாக ஓடியது. இரைச்சல். மாடியில் பாய்மரத்தைத் திருப்பிக்கொண்டே, "இப்பத் தெரியுதா?" என்று தண்டல் கத்துவார். கீழேயிருந்து, "இல்ல, இன்னும் கொஞ்சம் வடக்க" என்பார்கள். ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் அசையவில்லை. புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அந்தப் பிள்ளை, "நண்டு தெரியுதும்மா" என்றது. "எங்கன?" என்றாள் அவள். பிள்ளை எழுந்துபோய்க் கண்ணாடியில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியது. அதன் பிறகு அவள் அந்த இடத்தையே பார்த்தாள்.

ஏழு மணிக்கு ஹாஜியார் பெட்டியை அணைத்துக் கதவைச் சாத்தினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முடிஞ்சிட்டா டீச்சர்?"

"முடிஞ்சிட்டு."

எழுந்து போனாள்.

அடுத்த புதன்கிழமை அவர் வந்து இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புதுச் சட்டை. வாசலில் நின்றபடியே, "பாத்தாளா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்த முகம். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாத்தா. கடைசி வரைக்கும் இருந்து பாத்தா."

"ஏதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை. எந்திரிச்சுப் போயிட்டா."

அவர் மெல்லத் தலையசைத்தார். பிறகு என் மேசைக்கு எதிரே பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் அறிந்து அவர் அவ்வளவு பேசியது அன்று ஒருநாள்தான். ஸ்டூடியோவில் முதலில் கையில் கொடுத்தது கயிற்றுப் பொம்மையைத்தானாம். "இதை வேற யார்ட்டயாவது குடுங்கம்மா" என்று அந்த நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள். நல்ல வேளை, விளக்கைப் போட்டதும் கயிறுகள் பளபளவென்று தெரிந்து பொம்மையே எடுபடாமல் போனதாம். அதனால் நண்டுக்கு இடம் கிடைத்தது. கறுப்புத் துணி போர்த்திய மேசைக்கு அடியில் மடங்கி உட்கார்ந்து கையை மட்டும் நீட்டியிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு கரியாகத் தெரிகிறதென்று நண்டுக்குப் பவுடர் பூசினார்களாம். "காலடியில சின்னப் பொட்டி ஒண்ணு வச்சிருந்தாவ டீச்சர். நண்டு அதுக்குள்ள தெரியுது. நான் இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் போகுது. ஒரு மணி நேரத்துல பிடிச்சிக்கிட்டேன். ஆனா பிள்ளைகளே கிடையாது. கேமராவுல ஒரு கண்ணாடிக் குழிதான். அதுகிட்டயே சொன்னேன்."

சனிக்கிழமை அவர் மெட்ராசிலேயே ஒரு கடை வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்திருக்கிறார். அதனால் இங்கே படம் வரவில்லை என்ற நினைப்பே அவருக்கு எழவில்லை. "என்ன சொன்னிய?" என்று கேட்டேன். "அதான் நீங்களும் பாத்திருப்பியளே" என்றார். ஆமாம் என்றேன்.

நான் சொல்லாவிட்டாலும் தெரு சொல்லிவிடும் என்று அன்று ராத்திரி என்னை நானே தேற்றிக்கொண்டேன். தெரு என்னைவிட நல்ல மனசு படைத்ததாக இருந்தது. "பிரமாதம் அண்ணாச்சி, நண்டு என்ன பேச்சு பேசிச்சு!" என்று தண்டல் அவர் முதுகில் தட்டினார். கடைக்காரர் காசு வாங்காமல் சோடா உடைத்துக் கொடுத்தார். மாடியில் பாய்மரம் ஏற்றி ஏமாந்ததைச் சொல்லி அந்த மனிதரை நோகடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் அதே பொய்யைச் சொன்னோம்.

அவர் சாயங்காலமானால் வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதிலைக் கேட்டுவிட்டாள், இனி ஒரு வார்த்தையாவது, ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் காத்திருந்தாள். பெட்டியில்தான் வரவில்லை, வந்து நேரில் சொல்வான் என்று. அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறானே தவிர, தெருவைத் தாண்டவில்லை. இரண்டு பேரின் காத்திருப்பையும் அறிந்தவள் நான் ஒருத்திதான். இடையில் இருந்தது பத்தடித் தெரு. நான் போய்ச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், மெட்ராசுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். அந்த ஆட்டத்தை மறுபடி எங்கே பார்க்கலாம், தங்கச்சியை அழைத்துவந்தால் காட்டுவீர்களா என்று. பதில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிடலாம், அதுவரை யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கோழைத்தனம், வேறொன்றும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நண்டு ஜன்னலில் வரவில்லை. அவரே வாசல் வழியாக வந்தார். நண்டைத் தங்கச்சி மகள் கையில் கொடுத்தார். "சொல்லியாச்சு டீச்சர். அவளுக்கு அது ஆறலை. நான் இனி என்ன செய்ய?" என்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவே ஓடினார்கள். "நாளைக்கு வாங்க, ஒரு விசயம் பேசணும்" என்றேன்.

"சரிதான் டீச்சர்" என்றார்.

மறுநாள் விடியலில் உப்பு ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போன தோணியில் அவர் ஏறிப் போய்விட்டார். துறைமுகத்தில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். பாய்க்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாராம். தோணி திரும்பி வந்தது. கொச்சியில் இறங்கியவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மெட்ராஸ் பதில் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. அந்த நிகழ்ச்சிப் பெண் அன்பாகத்தான் எழுதியிருந்தாள். டேப்புக்குத் தட்டுப்பாடு, எல்லா இடத்திலும் உள்ள வழக்கப்படி அதன் மேலேயே அடுத்தடுத்த வாரத்து நிகழ்ச்சிகளைப் பதிந்தாயிற்று, அதனால் அது இப்போது இல்லை. "நண்டு பொம்மை எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது. உங்கள் ஊர்ப் பேச்சு என்பதால் கடைசியில் அது என்ன சொன்னது என்றுதான் எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை." அந்தக் கடிதத்தை என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஆறரை மணிக்கு மெட்ராசில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பதிலைக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி அவர்களுக்குத் தெரியாது. சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இப்போது அவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தெருவில் யாரையாவது நிறுத்தி, சின்ன வயதில் ஒரு நண்டைப் பார்த்தீர்களா, அது என்ன சொன்னது என்று கேட்க வேண்டும் என்று எனக்குச் சில சமயம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

வருஷங்கள் கழித்து எங்கள் பக்கமும் படம் தெரிய ஆரம்பித்தது. எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியது அவருடைய தங்கச்சி. மகள் அப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள், குழந்தைகள் நிகழ்ச்சி பார்க்கிற பிள்ளை யாரும் அந்த வீட்டில் இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்தால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்துவிடுவாள். பெட்டியின் மேல் சாயம் போன நண்டு இருக்கும். திரையில் முயல் வரும், கிளி வரும், யாருடைய கையோ உள்ளேயிருந்து ஆட்டும். ஒரு நாள் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அன்னைக்கு வராமப் போச்சே, அதைத் திரும்பப் போடுவாவளா டீச்சர்? கொட்டகையில பழைய படமெல்லாம் போடுதாவள்ல?"

கடிதத்தில் இருந்தது எனக்கு மனப்பாடம்.

"போடுவாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, டிவிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.